கிளாஸ் வாரம், கிளாஸ் பால், கிளாஸ் பூட்டு

போன இதழில், "வட ஐரோப்பாவில் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு சொல் கைகொடுக்கும்: கிளாஸ். எல்லாருக்கும் அது கண்ணாடிதான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். சரக்குக் கப்பலில் 22 வருஷம் ரேடியோ ஆபீசராக இருந்தவன் என்ற மிதப்பு. வாசகர்கள் விடுவார்களா? வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்து உலுக்கியவை. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு என் குட்டு உடைந்த கதையை மட்டும் பார்ப்போம்.

கே: என் மகள் வேல்ஸில், கார்டிஃபில் மேல்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள். முதல் வாரம் வளாகத்தில் 'உய்த்னோஸ் அ க்ளாஸ்' என்று பேனர் கட்டியிருந்தார்களாம். 'உய்த்னோஸ்' என்றால் வாரம் என்று தோழி சொன்னாளாம். அப்படியானால் கண்ணாடி வாரமா? எதையும் உடைக்காமல் நடந்துகொள்ளச் சொல்கிறார்களா?
— ஒரு தந்தை, நாமக்கல்

ப: உங்கள் மகளைத்தான் வரவேற்றிருக்கிறார்கள். அது புதுமுக மாணவர் வாரம்.

வேல்ஸ் மொழி கெல்டிக் குடும்பம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு எல்லாம் ஜெர்மானியக் குடும்பம். எழுத்துக்கூட்டினால் இரண்டு பக்கமும் அதே ஜி, எல், ஏ, எஸ்தான், ஆங்கிலம் மட்டும் இன்னோர் எஸ் சேர்த்துக்கொள்ளும். ஆனால் வேல்ஸில் கண்ணாடியை 'க்விடிர்' என்பார்கள். ரோமானியர்கள் கிட்டத்தட்ட நானூறு வருஷம் பிரிட்டனை ஆண்டபோது விட்டுப்போன 'விட்ரும்' என்ற லத்தீன் சொல் அப்படித் தேய்ந்திருக்கிறது. 'க்ளாஸ்' அவர்களுக்கு நிறம். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'நீலம்' என்று சொல்லித் தருவார்கள். பழைய பேச்சில் அது நீலத்தோடு நிற்காது.

இதை நான் 1981-லேயே கற்றிருக்க வேண்டும். இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு வேல்ஸின் போர்ட் டால்பட் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். ஊருக்குள் போக என்னை லாரியில் ஏற்றிக்கொண்ட டிரைவர் கார்மார்தன் பக்கத்துக்காரர், வீட்டில் வேல்ஸ் மொழிதான் பேசுவாராம். பேச்சுவாக்கில் சாலையோரப் புல்லைக் காட்டி எங்கள் மொழியில் இதற்கு 'க்ளாஸ்வெல்ட்' என்று பெயர் என்றார். 'க்ளாஸ்' என்றால் நீலம் என்று அதற்குச் சற்று முன்புதான் வானத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். "புல் எங்கே நீலமாக இருக்கிறது?" என்று கேட்டேன். மனிதர் லாரியின் வேகத்தைக் குறைத்து, புல்லை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு இதுவரை தோன்றவே இல்லை" என்றார்.

புல்லின் பச்சை, இலையின் பச்சை, வானத்தின் நீலம், கடலின் இரண்டுங்கெட்டான் நிறம், சாம்பல் நிறக் குதிரை எல்லாமே பழைய க்ளாஸ். வெள்ளிச் சில்லறையைக் கூட 'க்ளாஸ்' காசு என்பார்கள். கொழுப்பு எடுத்த பால் 'க்ளாஸ்' பால், ஆடை போன பாலில் லேசாக நீலம் ஓடுமே, அதனால். (நம்மூரிலும் நீலப் பாக்கெட்டில் வருவது கொழுப்பு குறைந்த பால்தான். அது தற்செயல், அதற்கு வேல்ஸைக் கூப்பிட வேண்டாம்.) மீன்கொத்திப் பறவைக்கு 'க்ளாஸ் அ டோர்லான்', ஆற்றங்கரையின் நீலம் என்று பெயர். எனக்குத் தெரிந்த பறவைப் பெயர்களில் இதைவிட நல்லதாக ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

துளிரின் நிறம் என்பதால் இளசு, பழுக்காதது, புதுசு என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. மீசை முளைக்கிற வயதுப் பையன் 'க்ளாஸ்லாங்க்'. கல்லூரிக்குப் புதிதாக வந்தவரும் க்ளாஸ். நாம் பச்சைக்குழந்தை என்கிறோமே, அந்தப் பச்சை. ஆக உங்கள் மகள் போயிருப்பது பச்சைப்பிள்ளைகள் வாரம்.

கே: நிறத்தில் கூடவா மொழிக்கு மொழி தகராறு? பச்சையைப் பச்சை என்றும் நீலத்தை நீலம் என்றும் பார்க்கத் தெரியாதவர்களா அவர்கள்?
— ஓர் ஆசிரியை, மதுரை

ப: கண்ணில் குறையில்லை டீச்சர். வரப்பு வேறு இடத்தில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைப் படம் போட்டு விளக்கியவர் லூயி யெல்ம்ஸ்லெவ் என்ற டென்மார்க் மொழியியலாளர். 1943-ல் வந்த அவருடைய நூலில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் டேனிஷ் மொழியின் பச்சை, நீலம், சாம்பல், பழுப்பு என்ற நான்கு சொற்கள். மறுபக்கம் வேல்ஸ் மொழியின் மூன்றே சொற்கள்: க்விர்த், க்ளாஸ், ஹ்லுய்ட். க்ளாஸ் என்ற அறை நடுவில் அகலமாக உட்கார்ந்துகொண்டு பச்சையில் கொஞ்சம், நீலம் முழுவதும், சாம்பலில் கொஞ்சம் என்று மூன்று பேர் நிலத்தை வளைத்துப்போட்டிருக்கும். மிச்சச் சாம்பலும் பழுப்பும் ஹ்லுய்ட் பங்கு. இன்றும் பழுப்புக் காகிதம் அங்கே 'ஹ்லுய்ட்' காகிதம்தான். மொழியியல் மாணவர்களுக்கு இந்தக் கட்டம் பாடமாகவே ஆகிவிட்டது. அதை வரைந்தவரின் தாய்மொழியான டேனிஷில் 'க்ளாஸ்' என்றால் வெறும் கண்ணாடி என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது வேல்ஸ்காரர்களும் ஆங்கிலத்தோடு புழங்கிப் புழங்கி, க்விர்த் என்றால் பச்சை, க்ளாஸ் என்றால் நீலம் என்று வரப்பை மாற்றிக் கட்டிவிட்டார்கள். இதில் க்விர்த்தும் லத்தீனிலிருந்து வந்த சொல்தான். புல்லின் பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. அங்கே உயர்ந்த மலையான உர் உயித்வாவின் மடியில் 'க்ளாஸ்லின்' என்று ஓர் ஏரி உண்டு. அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு நீல ஏரியா பச்சை ஏரியா என்று சொல்லுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

நம்மையும் ஒன்று கேட்கட்டுமா? கையில் பச்சை குத்தினால் அது எந்த நிறத்தில் தெரிகிறது?

கே: மகளும் மருமகனும் டப்ளினில் நர்ஸாக இருக்கிறார்கள். பேரன் அங்கே பள்ளியில் ஐரிஷ் படிக்கிறான். வீடியோவில் பேசும்போது புல்லுக்கு 'க்லஸ்' என்கிறான். கதவுப் பூட்டைக் காட்டி அதற்கும் 'க்லஸ்' என்கிறான். பிள்ளை குழம்பிவிட்டானா, பாட்டிதானே என்று விளையாடுகிறானா?
— ஒரு பாட்டி, கும்பகோணம்

ப: பேரன் கெட்டிக்காரன் அம்மா. இரண்டும் சரி.

நிறத்தைச் சொல்லும் க்லஸ் வேல்ஸ் சொல்லின் உடன்பிறப்பு. அங்கே அது நீலத்தின் பக்கம் சாய்ந்தது, அயர்லாந்தில் பச்சையின் பக்கமும் சாம்பலின் பக்கமும் சாய்ந்தது. நீலத்துக்கு 'கொரம்' என்று தனிச்சொல் இருக்கிறது. புல்லும் இலையும் க்லஸ், சாம்பல் நிற ஆடும் க்லஸ். சாயம் போட்ட பளிச்சென்ற பச்சைக்கு 'ஊன்யெ' என்று இன்னொரு சொல். 1937 அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவு நாட்டுக் கொடியின் பச்சையை ஊன்யெ என்றுதான் சொல்கிறது. கொடி சாயத்துணி அல்லவா. ஆனால் மரம், மண், காற்று என்று பேசுகிற பசுமைக் கட்சியின் ஐரிஷ் பெயரில் இருப்பது க்லஸ். இரண்டு பெயருமே எழுதிய கைக்கு மொழி தெரிந்திருக்கிறது.

பூட்டு க்லஸ் வேறு. அகராதியில் தனித் தலைப்பாக நிற்கும். நம் 'படி' மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படியையும், அரிசி அளக்கும் படியையும், பாடம் படி என்பதையும் யாரும் ஒரே சொல் என்று சொல்வதில்லையே.

இதோடு விட்டதா என்றால் இல்லை. ஓடைக்கும் பழைய ஐரிஷில் இதே ஓசையில் ஒரு சொல் உண்டு. டக்ளஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான், 'கறுப்பு ஓடை' என்று பொருள். டப்ளினில் க்ளாஸ்னெவின் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே 1795-ல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. ரிச்சர்ட் டர்னர் என்ற இரும்பு வேலைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் வளைத்து வளைத்துக் கட்டிய கண்ணாடி மாளிகைகளைப் பார்க்கவே கூட்டம் வரும். கண்ணாடி மாளிகை இருப்பதால்தான் ஊருக்கு 'க்ளாஸ்' என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மாளிகைக்குப் பல நூறு வருஷம் முந்தைய பெயர் அது. ஓடையைத்தான் சொல்கிறது. பேரனை ஒருநாள் அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஓடை க்லஸ், புல் க்லஸ், தோட்டத்துக் கதவில் க்லஸ். கண்ணாடிக்கு மட்டும் 'க்ளின்யெ' என்று சொல்லவேண்டும்.

கே: ஸ்வீடனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. கடைவீதியில் 'கிளாஸ்' என்று பெரிதாகப் பலகை வைத்திருந்த இடத்தில் நுழைந்து உடைந்த கண்ணாடியை நீட்டினேன். "எத்தனை ஸ்கூப்?" என்று கேட்டார்கள். ஜெர்மானிய மொழியில் கண்ணாடிதான் என்ற உங்கள் வாக்கு என்ன ஆயிற்று?
— வாசகர், கோவை

ப: மானம் போயிற்று. ஆனால் சாப்பிட்டீர்களா இல்லையா என்று எழுதவில்லையே!

ஸ்வீடிஷில் இது குறில் நெடில் விவகாரம், தமிழருக்குச் சட்டென்று பிடிபடும். நெடிலாக 'க்லாஸ்' என்றால் கண்ணாடி, அதற்கு ஓர் எஸ். குறிலாக 'க்லஸ்' என்றால் ஐஸ்கிரீம், அதற்கு இரண்டு எஸ். நீங்கள் பார்த்த பலகையில் இரண்டு இருந்திருக்கும். அந்தச் சொல் பிரெஞ்சின் 'க்ளாஸ்', அதாவது பனிக்கட்டி. அது லத்தீன் வழி வந்தது, கண்ணாடிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதில் இன்னொரு கொடுமை, எல்லை தாண்டி நார்வேக்குள் போனால் இரண்டு எஸ் போட்ட அதே எழுத்துக்கூட்டலுக்குக் கண்ணாடி என்று பொருள்.

கே: கிளாஸ்கோ நகரத்தில் கண்ணாடித் தொழிற்சாலை இருந்ததால் அந்தப் பெயரா?
— கல்லூரி மாணவர், திருச்சி

ப: இல்லை தம்பி. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ஒரு காலத்தில் வேல்ஸ் மொழிக்கு அக்கா தங்கை முறையான கும்ப்ரிக் பேசினார்கள். அந்த மொழி செத்துப்போய்ப் பல நூறு வருஷம் ஆகிறது, ஊர்ப்பெயர்களில் மட்டும் எலும்பு கிடக்கிறது. 'க்ளாஸ்' என்றால் பச்சை, 'கௌ' என்றால் பள்ளம். பச்சைப் பள்ளம், அதுதான் கிளாஸ்கோ.

அங்கே இரண்டு கால்பந்துக் குழுக்களுக்கு ஜென்மப்பகை. செல்டிக் குழுவுக்குப் பச்சை, ரேஞ்சர்ஸ் குழுவுக்கு நீலம். ஊரின் பெயரை வைத்த பழைய ஆட்கள் திரும்பி வந்து மைதானத்தைப் பார்த்தால், இரண்டு பக்கமும் 'க்ளாஸ்' சட்டைதானே, எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

உங்களைப்போல் ஏமாந்தவர்கள் பெரிய ஆட்களும் உண்டு. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியைப் பற்றி எழுதிய 12ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார்கள், பெயரில் கிளாஸ் இருக்கிறதே என்று அதைக் 'கண்ணாடித் தீவு' ஆக்கினார்கள். ஆர்தர் மன்னன் கதையோடு அதுவும் சேர்ந்து இன்றுவரை ஓடுகிறது.

கே: முடிவாகச் சொல்லுங்கள். ஜெர்மானியக் கிளாஸும் கெல்டிக் கிளாஸும் உறவா, இல்லையா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், காரைக்குடி

ப: எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கண்ணாடியை ஜெர்மானியர்கள் கண்டுபிடிக்கவில்லை. ரோமானிய வியாபாரிகள் கொண்டுவந்து விற்றார்கள். பொருள் வெளியூர், பெயர் மட்டும் எப்படி உள்ளூர்? கி.பி. 98-ல் டாசிட்டஸ் என்ற ரோமானிய வரலாற்று ஆசிரியர் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பால்டிக் கடற்கரை வருகிறது. அங்கே அலை ஒதுக்கும் ஆம்பர் கற்களை, அதாவது இறுகிப்போன மரப்பிசினை, ஆட்கள் பொறுக்குகிறார்கள், அதை 'க்ளேசும்' என்கிறார்கள் என்று எழுதுகிறார். அவருக்குச் சற்று முந்திய ரோமானிய எழுத்தாளர் பிளினியும், ஆம்பர் கிடைப்பதால் ரோமானியப் படைவீரர்கள் வட கடல் தீவு ஒன்றுக்கு 'க்ளேசாரியா' என்று பெயர் வைத்ததைச் சொல்கிறார். பழைய ஆங்கிலத்திலும் ஆம்பருக்கு 'க்ளேர்' என்று சொல் உண்டு. ஆக, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் கல்லுக்கு வைத்திருந்த பெயரை, பின்னால் வந்த கண்ணாடி மணிக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பது சொல்லாராய்ச்சிக்காரர்களின் கணக்கு. ஐஸ்லாந்தில் இன்றும் கண்ணாடி 'க்ளேர்' தான். டென்மார்க்கில் ஜன்னல் கண்ணாடி போடுகிறவர் 'க்ளார்மெஸ்டர்'.

இப்போது கெல்டிக் பக்கம் வாருங்கள். அதே பிளினி, 'கால்' என்று அன்று அழைத்த இன்றைய பிரான்ஸ் பக்கத்தில் 'க்ளாஸ்டும்' என்று ஒரு செடி உண்டு, பிரிட்டன் பெண்கள் சில சடங்குகளில் அதை உடம்பெல்லாம் பூசிக்கொள்வார்கள் என்கிறார். அது நம் அவுரி தருகிற அதே நீலச்சாயத்தைத் தருகிற வோட் செடி. வேல்ஸில் அதற்கு இன்றும் 'க்ளாஸ்லிஸ்', க்ளாஸ் மூலிகை என்று பெயர் இருக்கிறது. பிளினிக்கு நூறு வருஷம் முன்பே ஜூலியஸ் சீசர், பிரிட்டன்காரர்கள் போருக்குப் போகும்போது பயமுறுத்த நீலம் பூசிக்கொள்கிறார்கள் என்று எழுதிவிட்டார். எதைப் பூசினார்கள் என்பதற்கு அவர் போட்ட லத்தீன் சொல் என்ன தெரியுமா? 'விட்ரும்'. லத்தீனில் விட்ரும் என்றால் கண்ணாடி, வோட் செடிக்கும் அதே சொல்! சீசரைப் படித்த பள்ளிப்பிள்ளைகள் எத்தனை பேர் உடம்பில் கண்ணாடியைப் பூசிக்கொண்டார்கள் என்று மொழிபெயர்த்து அடி வாங்கினார்களோ. கண்ணாடியும் நீலச்செடியும் லத்தீனிலும் ஒரே பெயரில் குடியிருந்திருக்கின்றன.

உறவுக்கு வருகிறேன். இரண்டு கிளாஸையும் 'பளபள' என்று பொருள்படும் ஒரே பழைய வேருக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. பொன்னைக் குறிக்கும் 'கோல்ட்', ஜெர்மனில் மஞ்சளைக் குறிக்கும் 'கெல்ப்' எல்லாம் அந்த வேர்தான். ஒருவன் பளபளப்பை மஞ்சள் கல்லில் பார்த்தான், இன்னொருவன் நனைந்த இலையில் பார்த்தான். பங்காளிகள்தான், ஆனால் சொத்து பிரிந்து மூவாயிரம் வருஷத்துக்குக் குறையாது. பூட்டும் ஐஸ்கிரீமும் இந்தப் பந்தியில் உட்கார முடியாது. நாம் தமிழில் எழுதினால் பள்ளிக்கூடத்து 'கிளாஸ்' கூட இதே எழுத்தில் வந்து உட்காரும். அதையும் எழுப்பி அனுப்பிவிடுங்கள்.

கே: அண்ணாச்சி, நீங்களும் கப்பல், நானும் கப்பல். டச்சுக் கப்பலில் மணி அடித்தால் அதற்கு என்ன பெயர்? மறந்துபோச்சா?
— பழைய போசன் (கப்பலின் மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி), தூத்துக்குடி

ப: மறக்கவில்லை தம்பி. சொன்னால் வெட்கக்கேடு என்று மறைத்துவைத்திருந்தேன், நீங்கள் இழுத்துவிட்டீர்கள்.

ராட்டர்டாமில் ஒரு குளிர்காலம். கரையிலிருந்து இரவுக் காவலுக்கு ஒரு கிழவரைப் போட்டிருந்தார்கள். இளவயதில் போசனாக இருந்தவராம். கப்பலுக்கு ஏறும் கேங்வே பக்கத்தில் ஹீட்டரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ரேடியோ அறையைப் பூட்டிவிட்டு வரும்போது நடுராத்திரி. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "அஹ்ட் க்ளாஸன்" என்றார். 'அஹ்ட்' எட்டு என்று தெரியும், கிளாஸும் தெரியும். எட்டு கிளாஸ் பீர் போட்டுவிட்டுக் காவல் இருக்கிறாரே என்று பதறி, "எனக்குப் பழக்கமில்லை, நீங்களும் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று அக்கறையாகச் சொன்னேன்.

கடிகாரம் வருவதற்கு முன்னால் கப்பலில் நேரம் பார்த்தது மணல் ஓடும் கண்ணாடியில். அரைமணிக்கு ஒருமுறை மணல் தீரும், பையன் அதைக் கவிழ்த்துவிட்டு மணி அடிப்பான். ஆங்கிலக் கப்பலில் அதை 'பெல்' என்று எண்ணினார்கள், டச்சு, ஜெர்மன் கப்பல்களில் 'கிளாஸ்' என்று எண்ணினார்கள். எட்டு அரைமணி சேர்ந்தால் நான்கு மணி நேரம், ஒரு வாட்ச், அதாவது ஒரு காவல் முறை முடிந்தது, அடுத்த ஆள் வரலாம். "வாட்ச் முடிந்ததா, போய்ப் படு" என்றுதான் கிழவர் சொல்லியிருக்கிறார்.

1999 பிப்ரவரி 1-லிருந்து செயற்கைக்கோள் ஏற்பாடு முழுசாக வந்து, கப்பலில் எங்களைப் போன்ற ரேடியோ ஆபீசர்கள் தேவையில்லை என்று ஆகிப்போனது. மணல் கவிழ்த்த பையனுக்கு அடுத்து நாங்கள். அன்றைக்கு அந்தக் கிழவர் நான் சொன்னதைக் கேட்டு ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் சிரிப்பை அடக்கமுடியாமல், ஹீட்டர் மேலே வைத்திருந்த காப்பி கிளாஸை எடுத்து, காலி என்று காட்டித் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தார்.